கல்லைத் தின்ற பட்டன்

பட்டன் அகப்பட்டது பதினொன்று இருபதுக்கு.

ஜம்பு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். செல்போனிலும் பார்த்தான். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் நோட்டைத் திறந்தான். ‘வெள்ளிக்கிழமை. தாராவி, வெயிலுமுத்து பட்டறை. மூன்றாவது தட்டு, இடமிருந்து நான்காவது பிஸ்கட் டப்பா. தேய்ந்த டிரில் பிட்டுகளுக்கு அடியில், துணியில் சுற்றிய ஒரு பட்டன். தலையில் 7 என்ற எண். டப்பா மூடியின் உள்பக்கம் கிழிந்த காலண்டர் தாள் ஒன்று.’

கடைசி வரி தேவையா என்று யோசித்தான். அந்தப் பட்டறையில் இருந்த எல்லா டப்பாவிலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆனாலும் கண்ணில் பட்டதை எழுதாமல் விட்டால் அன்று முழுக்க அவனுக்கு எதுவும் ஓடாது. எழுதியது எழுதியதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

“நீங்க எழுதி முடிக்கதுக்குள்ள களவாணி கல்யாணம் முடிச்சு, பிள்ளையும் பெத்து, அதுக்குக் காது குத்தியிருவான் ஸார்” என்றாள் முத்துமாரி.

மாதுங்காவில் ஒரு துணிக்கடைக்கு மேலே, ஒற்றை அறையில் நடக்கும் ஜம்புவின் துப்பறியும் நிலையத்துக்கு அவள்தான் ஒரே ஊழியர். தாராவியில் பிறந்தவள். எந்தச் சந்து எந்தச் சந்தில் முட்டும் என்று அவளுக்கு மனப்பாடம்.

“இங்க தாங்க, பாப்போம். அரே, இம்புட்டூண்டுக்கா இந்தக் கூத்து? எங்க அத்த புல்லாக்கு இதவிடப் பெருசு. வைரம் போட்டதுன்னு சொன்னீய, ஒரு பளபளப்பையும் காணோம்... ஸ்ஸ், ஆத்தாடி!”

விரலை உதறினாள். ஆள்காட்டி விரலில் மெல்லிய ரத்தக்கோடு. பட்டனின் அடி ஓரம் சவர பிளேடு மாதிரி இருந்தது.

“கடிக்குது ஸார்.”

ஜம்பு அதையும் எழுதிக்கொண்டான்.

கதவோரம் நின்றிருந்த வெயிலுமுத்துவின் மனைவி பேராச்சி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “லெட்டர் காட்டுனீய, சரின்னு விட்டேன். ஆனா எல்லா டப்பாவையும் தொறந்து போட்டுட்டியளே. உடையவங்க முன்னால இல்லாம இங்க ஒரு டப்பாவும் தொறக்கதில்ல. அவிய வந்தா என்னியத்தான் வைவாவ.”

ஜம்புவுக்குக் கூச்சமாக இருந்தது. கடிதம் பட்டறையின் கூட்டாளி அனந்த் கொடுத்தது. தேடலாம் என்பதற்கு அனுமதி. இருந்தாலும் உரியவர் இல்லாத நேரமாகப் பார்த்து அவர் தட்டில் கை வைப்பது அவனுக்குப் பிடித்த வேலை இல்லை.

வழக்கம்போல நாலு பக்கமும் போட்டோ எடுத்தான். ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, அதையும் போட்டோ எடுத்துக் கட்சிக்காரருக்கு அனுப்பினான். அடுத்த நிமிஷமே போன் அடித்தது.

“கிடைச்சுடுத்தா? எனக்குத் தெரியும்டா ஜம்பு. நாலு மணிக்கு வைத்தீஸ்வரன் சார் ஆபீஸுக்கு வந்துடு. பட்டன் பத்திரம்” என்றான் அனந்த். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தப்பட வேண்டிய இடத்தில் சரியாக வருத்தப்பட்டது.

அனந்தை ஜம்புவுக்குப் பதினான்கு வருஷமாகத் தெரியும். பகலில் வேலை, சாயங்காலம் கல்லூரி என்று இருவரும் ஒரே பெஞ்சில் தூங்கி வழிந்த நாளிலிருந்து சிநேகம். துப்பறியும் நிலையத்துக்குப் போர்டு மாட்டிய அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அனந்த்தான். இப்போது செம்பூரில் சின்னத் தொழிற்கூடம் வைத்திருந்தான். பாறை துளைக்கும் கருவியின் மூக்கில் பதிக்கிற கார்பைடு பட்டன் செய்வது தொழில்.

அந்தத் தொழிலின் தலைவலியை அவன் ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே ஜம்புவுக்கு விளக்கியிருந்தான். டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட்தான் பசை மாதிரி பிடித்து வைத்திருக்கிறது. கோபால்டைக் குறைத்தால் பட்டன் கடினமாகும். ஆனால் பலமாக ஓர் அடி விழுந்தால் சில்லு சில்லாகிவிடும். கூட்டினால் உடையாது, ஆனால் தேய்ந்துபோகும். இரண்டும் வேண்டும் என்றால் உள்ளே வைரப்பொடி கலக்க வேண்டும்.

“விரிசல் நேரா ஓடி வரும்டா. குறுக்கே வைரத் துணுக்கு நின்னா அது சுத்திண்டு போகணும். நாலு தடவை சுத்தினா விரிசலுக்கே அலுத்துப்போயிடும்.”

சொல்ல எளிது. உலைச் சூட்டில், கோபால்டுக்குப் பக்கத்தில், வைரம் வைரமாக இராது, கரியாகிவிடும். முதல் ஆறு பட்டன்களும் அப்படித்தான் போயின. ஏழாவதுதான் பிழைத்தது. ஒவ்வொரு துணுக்குக்கும் மேலே கவசம் மாதிரி ஒரு பூச்சுப் போட்டது அனந்த். மின்சாரம் பாய்ச்சி, அழுத்திக்கொண்டே சுடுகிற மெஷினை எந்த நிமிஷத்தில் நிறுத்தினால் வைரம் கரியாகாது என்று கண்டுபிடித்தது வெயிலுமுத்து. அதனால் காப்புரிமை விண்ணப்பத்தில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. இருவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம்: மாதிரித் துண்டை மற்றவருக்குத் தெரியாமல் எடுத்துப் போனவரின் பெயர் விண்ணப்பத்திலிருந்து நீக்கப்படும்.

போன வாரம் செம்பூர் அலமாரியிலிருந்து ஏழாவது பட்டனைக் காணவில்லை. அலமாரிச் சாவி இரண்டு பேரிடம்தான் உண்டு.

“போலீஸ் வேண்டாம். நீ பாத்ததை மட்டும்தான் எழுதுவே, ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டே, குறைக்கவும் மாட்டே. அதான் உன்கிட்ட வந்தேன்” என்று திங்கட்கிழமை அனந்த் சொன்னான். செவ்வாய்க்கிழமை, சாணை பிடிக்கக் கொடுக்கும் சாக்கில் ஜம்பு ஒருமுறை பட்டறைக்கு வந்து இடத்தை நோட்டம் பார்த்துவிட்டுப் போனான். இன்று தேடினான். கிடைத்துவிட்டது. நாலு மணிக்கு வைத்தீஸ்வரன் என்கிற காப்புரிமை ஏஜெண்டின் மேஜையில் வெயிலுமுத்துவின் பெயர் அடிக்கப்பட்டுவிடும்.

இத்தனை சுலபமாகவா என்று ஒரு சின்னக் குரல் உள்ளே கேட்டது. அது எப்போதும் கேட்கிற குரல்தான். ஜம்பு அதை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் வாசல் இருண்டது.

“யாரு என் டப்பாவெல்லாம் தொறந்தது?”

வெயிலுமுத்து நனைந்த குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகள் எல்லாம் மழமழவென்று தேய்ந்திருந்தன.

ஜம்பு எழுந்து நின்று, யார், எதற்கு, என்ன கிடைத்தது என்பதை வரிசையாகச் சொன்னான். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அனந்த் சாரா சொன்னாவ, நான் எடுத்திருப்பேன்னு?”

“ஆமாம்.”

“ஆறு பட்டன் கரியாப் போச்சு. ஆறு தடவையும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து ஒரே டம்ளர் சாயாவ மாத்தி மாத்திக் குடிச்சோம். என்ட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா அவருக்கு?” கையை நீட்டினார். “தாங்க, அந்த ஏழ நானும் பாக்கேன்.”

வாங்கியவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. கட்டைவிரலை அடி ஓரத்தில் ஒரு சுற்று ஓட்டினார்.

“இது ஏழு இல்ல.”

“ஏழுன்னு பொறிச்சிருக்கே?”

“என் நெத்தியில கலெக்டர்னு பொறிச்சா சலாம் அடிப்பியளா ஸார்?” என்றாள் முத்துமாரி. “நீங்க சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஓரத்தத் தடவிப் பாருங்க. கத்தி. என் பட்டறையில எந்தச் சாமானும் ஓரம் முறிக்காம வாசப்படி தாண்டாது. எடுக்கவன் கை கிழிஞ்சிரக் கூடாதுல்லா. ஏழுக்கும் நான்தான் ஓரம் முறிச்சேன். ரெண்டு நாளாச்சு.”

“இத்தனூண்டுக்கு ரெண்டு நாளா?”

வெயிலுமுத்து சுவரைக் காட்டினார். ஆணியில் ஒரு பச்சைச் சாணைக்கல் மாட்டியிருந்தது. அதன் விளிம்பில், விரல் புதைகிற ஆழத்துக்கு ஒரு பள்ளம்.

“சாதாக் கார்பைடு எதையும் அந்தப் பச்சக்கல்லு தேச்சிரும். ஏழ வச்சேன். பட்டன் தேயல, கல்லு தேஞ்சுது. பட்டன் கல்லத் தின்னு போட்டுது ஸார்! அனந்த் சார் பக்கத்துல நின்னு கைகொட்டிச் சிரிச்சாவ. பொறவு வைரம் பதிச்ச சாணைக்கல்லு இரவல் வாங்கித்தான் ஓரம் முறிச்சேன்.”

மாட்டிக்கொண்டவன் இப்படித்தான் எதையாவது சொல்வான் என்று ஜம்பு நினைத்தான். அடுத்த நொடியே, மாட்டிக்கொள்ளாதவனும் இதையேதானே சொல்வான் என்றும் நினைத்தான்.

“வேற பச்சைக்கல் இருக்கா?”

“மிஷின்ல மாட்டியிருக்கு.”

“உரசிப் பாத்துருவோம் ஸார்” என்றாள் முத்துமாரி.

“சாட்சிப் பொருள். ஒரு கீறல் விழக்கூடாது.”

“சாட்சியே டுப்ளிகேட்டா இருந்தா?”

ஜம்பு நோட்டைத் திறந்தான். எட்டு வருஷத் தொழிலில் கிடைத்த பொருளை அவன் கிடைத்தபடியே ஒப்படைத்திருக்கிறான். கடைசியில் நோட்டில் எழுதினான்: ‘12.05. என் பொறுப்பில், என் முன்னிலையில், பட்டனின் அடி ஓரத்தைச் சாணைக்கல்லில் வைக்கச் சொன்னேன்.’

மெஷின் உறுமியது. வெயிலுமுத்து பட்டனைக் குறட்டில் பிடித்து, கல்லில் பட்டும் படாமலும் வைத்தார். மங்கலான சிவப்பில் நாலைந்து பொறி பறந்தது. மூன்று நிமிஷம். மெஷினை நிறுத்திப் பட்டனை நீட்டினார்.

ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பளபளவென்று ஒரு தட்டை. கல் அப்படியே இருந்தது.

“சாதாக் கார்பைடு. இத ஏழுன்னு சொன்னா எட்டாங் கிளாஸ் பயகூடச் சிரிப்பான்” என்றார் வெயிலுமுத்து. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

ஜம்புவின் மனம் மறுபடி ஒரு படி பின்னால் போனது. “தப்பா எடுத்துக்காதீங்கோ. அசலை வெளியிலே கொடுத்துட்டு, போலியை நீங்களே இங்கே வெச்சிருக்கலாமே?”

“அசல வித்தவன் எதுக்கு ஸார் போலியில ஏழுன்னு பொறிச்சு, தேடி வாரவன் கையில அகப்படுற மாதிரி என் தட்டுலயே வைக்கணும்? எனக்கு அவ்வளவு கிறுக்கு இல்ல. எந்த டப்பாவுல இருந்துது?”

“மூணாவது தட்டு, நாலாவது.”

“சீட்டு எங்க?”

“எந்தச் சீட்டு?”

பதில் பேராச்சியிடமிருந்து வந்தது. “காலண்டர்த் தாளு ஸார். யாரு வேல குடுத்தாலும் அன்னைக்குள்ள தேதித் தாளக் கிழிச்சு ரெண்டாக்குவேன். ஒரு பாதி டப்பா மூடிக்குள்ள, ஒரு பாதி அவுங்க கையில. அவுங்க அந்தப் பாதியக் கொண்டாந்து, கிழிச்ச எடம் பொருந்துனாத்தான் டப்பாவத் தொறப்போம். சாமான் கொறைஞ்சுதுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதுல்லா.”

“அப்போ இன்னொரு பாதி எவன்ட்ட இருக்கோ அவன்தான் ஆளு!” முத்துமாரி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். “சொல்லுங்க மதினி, என்னைக்குள்ள தாளு? அந்த நாறப்பய மட்டும் என் கையில கெடைக்கட்டும், நானே அவன் ஓரத்த முறிச்சுவிடுதேன்.”

ஜம்பு டப்பா மூடியிலிருந்து அந்தத் தாளை உரித்துக் கொடுத்தான். பேராச்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“செவ்வாக்கிழம. அன்னைக்கு ஒரே மழ. ஒரே ஒருத்தர்தான் வந்தாவ.” தாளை இறக்கினாள். அவள் கண் ஜம்புவின் முகத்தில் வந்து நின்றது. வேறு எங்கும் போகவில்லை.

முத்துமாரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஜம்பு நோட்டின் பக்கங்களைப் பின்னால் புரட்டினான். வெள்ளி. வியாழன். புதன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் கீழ் மூலையில், கோந்து போட்டு ஒழுங்காக ஒட்டிய ஒரு தாள். ரசீது மாதிரி ஏதோ என்று நினைத்து அவனே ஒட்டியது. பக்கத்தில் அவன் கையெழுத்து: ‘டப்பா ஒப்படைத்ததற்குக் கொடுத்த துண்டு.’

இரண்டையும் சேர்த்து வைத்தான். பதினான்கு என்ற எண்ணின் நடுவே கிழிந்திருந்தது. பொருந்தியது.

தகரக் கூரையில் மழை வலுத்தது.

அனந்த் டப்பாவைக் கொடுத்தபோது நாலு பக்கமும் டேப் ஒட்டியிருந்தது. ‘பிரிக்காம அப்படியே குடுத்துடு. வெறும் தேஞ்ச பிட்டுதான். உனக்கு உள்ளே நுழைய ஒரு சாக்கு வேணுமே’ என்று முதுகில் தட்டினான். அப்படியே கொடுத்தான் ஜம்பு. பேராச்சி டேப்பை உரித்து மூடிக்குள் தாளை ஒட்டியபோது அவன் தட்டுகளை நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்; அத்தனை பிஸ்கட் டப்பாவுக்கு நடுவில் இன்று தன்னுடையதை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. பொய்ச் சாட்சியைத் தன் கையாலேயே சுமந்துகொண்டு வந்து, மூன்று நாள் கழித்துத் தானே கண்டெடுத்து, நேரம் குறித்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

“ஸார்” என்றாள் முத்துமாரி மெதுவாக. “உக்காருங்க. தண்ணி குடிக்கியளா?”

“அவனுக்குத் தெரியாம வேற யாராவது அந்த டப்பாவுக்குள்ளே வெச்சிருக்கலாம்.”

“நீங்களே நம்பாதத என்ட்ட எதுக்குச் சொல்லுதீய?”

“நிரூபணம் இல்லியே, முத்துமாரி. நான் அனுமானத்திலே எதையும் எழுதினது இல்லே.” சொல்லிவிட்டுப் பச்சைக்கல்லின் பள்ளத்தைப் பார்த்தான். “ஒரு வழி இருக்கு. அது பொய்யாப் போகணும்னு இருக்கு எனக்கு.”

செம்பூரில் அனந்தின் தொழிற்கூடத்துக்கு எதிரே ஒரு வடாபாவ் கடை. ஆட்டோவிலிருந்து இறங்கி ஜம்பு, முத்துமாரி, வெயிலுமுத்து மூவரும் அதன் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினார்கள். மணி மூன்று பத்து. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வேலையாட்கள் போய்விட்டார்கள், உள்ளே விளக்கு எரிந்தது.

ஜம்பு போனை எடுத்தான். பதினான்கு வருஷத்தில் அவன் அனந்திடம் ஒரு பொய் சொன்னதில்லை. பரீட்சை மார்க்கில்கூட.

“அனந்த், நான்தான். ஒரு நல்ல சமாசாரம். அந்தப் பட்டனைச் சோதிச்சுப் பாத்தோம். பச்சைக்கல்லிலே வெச்சோம். கல்லைத் தின்னுடுத்துடா. அசல் ஏழுதான், சந்தேகமே இல்லே.”

மறுமுனையில் சத்தமில்லை.

“அனந்த்?”

“நீ... பாத்தியா?”

“என் கண்ணாலே பாத்தேன். வெயிலுமுத்து சொன்னாப்லே பெரிய பள்ளம். சீல் வெச்சு நேரா வைத்தீஸ்வரன் சார் கையிலேயே கொடுத்துடறேன். கேஸ் முடியற வரைக்கும் அவர்கிட்டயே இருக்கட்டும்.”

“சரி. சரி. வரேன்.”

ஜம்பு போனை மூடினான். “திருடாதவனா இருந்தா சந்தோஷப்பட்டு ஆபீஸுக்குக் கிளம்புவான்.”

“திருடுனவனா இருந்தா?” என்றாள் முத்துமாரி.

“எது அசல், எது போலின்னு அவனுக்கே சந்தேகம் வந்துடும். அசலைத்தான் தப்பா டப்பாவிலே போட்டுட்டோமோன்னு பதறுவான். கையிலே இருக்கறதைச் சோதிச்சுப் பாக்காம அவனால நகர முடியாது. அந்தச் சோதனை எப்படிப் பண்றதுன்னு இப்பதான் நான் ஞாபகப்படுத்தியிருக்கேன்.”

வெயிலுமுத்து தலையை ஆட்டினார். “மிஷின் எதுக்கு? ஓரத்த ஒரு தடவ தடவிப் பாத்தாலே தெரிஞ்சுபோவும். நான் முறிச்சது வழுவழுன்னு இருக்கும்.”

“அவன் என்னைக்காவது ஓரத்தைத் தடவிப் பாத்திருக்கானா?”

“இல்ல. அது என் வேலைல்லா.”

கடைக்காரர் மூன்று அரை டம்ளர் கட்டிங் சாயா வைத்தார். யாரும் தொடவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு. ஷட்டர் அசையவில்லை. ஜம்பு மனதுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தான்: குடையை எடுத்துக்கொண்டு வெளியே வா, அனந்த். ஆட்டோவைக் கூப்பிடு. என்னை முட்டாளாக்கு.

நாலாவது நிமிஷம் உள்ளே மெஷின் உறுமியது.

வெயிலுமுத்து தலையைச் சாய்த்துக் கேட்டார். முதலில் கல் சுற்றுகிற சீரான ஓசை. பிறகு கரகரவென்று, மணலை மெல்லுவது போன்ற ஒரு சத்தம்.

“கல்லு தேயுது” என்றார்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து முதலில் நுழைந்தது முத்துமாரி. அனந்த் மெஷின்மேல் கவிழ்ந்திருந்தான். சட்டையெல்லாம் பச்சைத் தூள். கல்லில் புதிதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. குறட்டின் நுனியில் இருந்த பட்டனில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் முகத்தில் அப்பாடா என்ற நிம்மதி பரவிக்கொண்டிருந்தது. திரும்பினான். நிம்மதி அப்படியே உறைந்தது.

“நமஸ்தே சாப்” என்றாள் முத்துமாரி. “மொத்தம் எத்தன ஏழு வச்சிருக்கிய? எட்டு, ஒம்பதெல்லாம் எப்ப வரும்?”

ஜம்பு போய் மெஷினின் சுவிட்சை அணைத்தான். கை நீட்டினான். அனந்த் பட்டனைக் கொடுத்தான். சூடாக இருந்தது. ஓரம் எங்கும் கையைக் கடிக்கவில்லை.

“ஏன்டா?”

“உனக்குப் புரியாது.”

“மெதுவாச் சொல்லு. எழுதிக்கறேன்.”

அனந்த் வெயிலுமுத்துவைப் பார்க்காமல் பேசினான். “வாஷியிலே ஒரு பெரிய கம்பெனி வாங்கத் தயாரா இருக்கு. அவா விண்ணப்பத்தைப் பாத்தா. யார் இந்த வெயிலுமுத்து, எந்த காலேஜ், எந்த லேப்னு கேட்டா. நான் என்னன்னு சொல்றது? தாராவியிலே சாணை பிடிக்கிறவர்னா?”

“ஆமான்னு சொல்லியிருக்கணும்” என்றான் ஜம்பு.

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்பா.”

“பட்டன் கல்லத் தின்னப்ப நீங்களும்தான் சிரிச்சீய சார்” என்றார் வெயிலுமுத்து. “அது வேற சிரிப்புன்னு நெனச்சேன்.”

அனந்த் ஜம்புவிடம் திரும்பினான். குரலில் இப்போது கோபம் வந்திருந்தது. கோபம் அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. “நீ பொய் சொல்லமாட்டேன்னு நம்பினேன்டா. போன்லே எவ்வளவு சாதாரணமா சொன்னே!”

“நானும் உன்னை நம்பித்தான் டேப்பைப் பிரிக்காம கொண்டுபோனேன்.”

“எழுதப் போறியா இதை? எழுதிப் பாரு. போலியைக் கொண்டுபோய் வெச்சது யாரு? நீ. கண்டுபிடிச்சது யாரு? நீ. ஒரு நாள்லே ரெண்டு ரிப்போர்ட், ரெண்டுலேயும் உன் கையெழுத்து. நாளைக்கு மாதுங்காவிலே எவன் உன் மாடிப்படி ஏறுவான்?”

ஜம்பு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினான். அனந்த் சொன்னது முழுக்க உண்மை. ஜம்புவை நன்றாகத் தெரிந்தவன் சொன்ன உண்மை.

நாலு மணிக்கு வைத்தீஸ்வரனின் அலுவலகத்துக்கு அனந்த் வரவில்லை, ஆனாலும் நாற்காலிகள் போதவில்லை. முத்துமாரி ஜன்னலோரம் நின்றாள். வைத்தீஸ்வரன் காலையில் அனந்த் அனுப்பிய அறிக்கையையும், இப்போது ஜம்பு எழுதி நீட்டிய இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “‘அந்தப் போலிப் பட்டனைப் பட்டறைக்குள் கொண்டுபோனவன் நான்தான். டப்பாவைத் திறந்து பார்க்காதது என் தவறு.’ இந்த வரி வேணுமா? இதில்லாமலே காரியம் நடக்கும்.”

“நடந்தது அதுதான் சார்.”

“உன் தொழிலுக்கு நல்லதில்லே.”

“தெரியும்.”

வைத்தீஸ்வரன் பெருமூச்சு விட்டு விண்ணப்பத்தை எடுத்தார். “சரி. வெயிலுமுத்து, உங்க பேர் அப்படியே இருக்கும். இனிமே அதை யாரும் தொட முடியாது. இன்னொண்ணு. ஒப்பந்தப்படி மாதிரியை உங்களுக்குத் தெரியாம எடுத்தது அனந்த். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போறும், அவன் பேரை அடிச்சுடறேன். மொத்தமும் உங்களுது.”

“சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் முத்துமாரி. “நல்லா அழுத்தி அடிக்கச் சொல்லுங்க. பேப்பர் கிழியணும்.”

மேஜையின் நடுவில் ஏழு இருந்தது. கறுப்பாக, மங்கலாக, பார்த்தால் யாரும் குனிந்து எடுக்கமாட்டார்கள். வெயிலுமுத்து அதைக் கையில் எடுத்து உருட்டினார். ரொம்ப நேரம் உருட்டினார்.

“பூச்சு அவரு போட்டது” என்றார்.

“என்ன?”

“வைரத்துக்கு மேல போட்ட பூச்சு. அது அவரு மூளை. அது இல்லன்னா நான் எந்த நிமிசத்துல நிறுத்துனாலும் இதுவும் கரிதான். பேர எடுக்காதீய.”

ஜம்பு நிமிர்ந்து பார்த்தான். “மன்னிச்சுட்டீங்களா?”

“இல்ல ஸார்.” பட்டனை மேஜையில் வைத்தார். “இனி அவரு மொகத்துல நான் முழிக்க மாட்டேன். அவரு மிஷினத் தொடமாட்டேன். அது வேற. இது வேற.”

வைத்தீஸ்வரன் பேனா மூடியைக் கழற்றினார். விண்ணப்பத்தின் புதிய பிரதியில் கண்டுபிடித்தவர் பெயர் என்ற இடத்துக்கு வந்து நிறுத்தினார்.

“ரெண்டு பேரையும் ஒரே வரியிலே போட்டுடட்டுமா? பழையதிலே அப்படித்தான் இருக்கு.”

வெயிலுமுத்து ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“வேண்டாம் சார். தனித்தனி வரியாப் போடுங்க.”